ஹாசி லெக்தைம் கிணற்றில் விருந்துக்கு அறுத்த ஆடு

என் பெயர் இஸல்மு வுல்த் பெய்யாத். வயது ஐம்பத்து மூன்று. தொழில் வண்டி வாடகை, டீசல், மளிகை மொத்த வியாபாரம். மௌரித்தானியாவில் தகான்த் மாகாண நகரத்தில் ஒட்டகச் சந்தைக்குப் பின்புறம் என் வீடும் கடையும் இருக்கின்றன. எனக்கு அரபி எழுதப் படிக்கத் தெரியும். பிரெஞ்சு பேசத் தெரியும், எழுத வராது.

ஹாசி லெக்தைம் கிணற்றுக் கூடாரங்களின் பெரியவர் ஹமாதியின் மகன் யஹ்தி வுல்த் ஹமாதி, வயது முப்பத்து நான்கு, இம்மாதம் அக்டோபர் 17ஆம் தேதி இறந்துபோனார். நோய் விசாரணைக் குழுவுக்கு விருந்தாக அவர் அறுத்த ஆட்டின் ரத்தத்திலிருந்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. எங்களுக்காக எதையும் அறுக்க வேண்டாம் என்று குழுவின் டாக்டர் சொல்லி அனுப்பச் சொன்னதை நான் சொல்லி அனுப்பவில்லை. இறந்தவரின் மனைவி அஸ்ஸா என்மேல் கொடுத்த புகார் விஷயமாக இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

இந்த வருஷம் மழை அதிகம். வற்றிக் கிடந்த பள்ளங்களில் எல்லாம் தண்ணீர் நின்றது, கொசு பெருகியது. செப்டம்பர் கடைசியில் செம்மறிகள் நாள் நிறையாமலே கூட்டம் கூட்டமாகக் குட்டி வீசின, எல்லாம் செத்த குட்டிகள். அதன் பிறகு மூக்கிலும் பல் ஈறிலும் ரத்தம் வந்து மூன்று மேய்ப்பர்கள் செத்தார்கள். அக்டோபர் 2ஆம் தேதி தலைநகரிலிருந்து குழு வந்தது. தலைமை டாக்டர் தெக்பெர் என்ற பெண். அவருடன் கால்நடை மருத்துவர் தியாலோ, ரத்தம் எடுக்கும் ஆள் ஒருவர், பட்டியல் எழுதும் ஆள் ஒருவர்.

குழுவுக்கு வேண்டிய ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு. இரண்டு பிக்-அப் வண்டி, இரண்டு ஓட்டுநர், டீசல், குடிதண்ணீர், கூடாரம், சாப்பாடு, ரத்தக் குப்பிகளுக்கு ஐஸ் பெட்டி, வழி, முன்கூட்டியே தகவல் சொல்வது என்று எல்லாமே நான்தான். இதற்கு முன் வெட்டுக்கிளி ஒழிப்புக்காரர்கள், நிலம் தோண்டிப் பார்ப்பவர்கள், தேர்தல் பெட்டி கொண்டு போனவர்கள் என்று எல்லாருக்கும் செய்திருக்கிறேன். கரி மூட்டை சுமந்து ஆரம்பித்தவன். பாலையில் எந்தக் கிணற்றில் யார் இருப்பார்கள், யாருடன் யார் பேசமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் தெக்பெர் முதல் நாளே வரைபடத்தை என் கடைக் கல்லாமேல் விரித்து இருபத்தெட்டு கிணறுகளைக் குறித்தார். ஒரு நாளைக்கு ஒரு கிணறு. ஒவ்வொரு கிணற்றிலும் யாருக்குக் காய்ச்சல், எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த ஆட்டைத் தொட்டார்கள் என்று ஆள் ஆளாகக் கேட்டு எழுதவேண்டும். எடுத்த ரத்தம் ஐஸ் பெட்டியில் மறுநாளைக்குள் நகரத்துக்கு வரவேண்டும். கிணற்றுக்காரர்களுக்கு இரண்டு நாள் முன்பே தகவல் போகவேண்டும். தகவலை அவரே சொன்னார், நான் என் நோட்டில் எழுதினேன். ஆட்கள் மேய்ச்சலுக்குப் போகாமல் இருக்கவேண்டும், மந்தை கிணற்றடியில் நிற்கவேண்டும், குட்டி வீசிய ஆட்டை யாரும் தொடக்கூடாது, எங்களுக்காக எதையும் அறுக்கக்கூடாது, எங்கள் சாப்பாட்டை நாங்களே கொண்டு வருகிறோம். இவ்வளவும் அந்த நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. நோட்டை இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன்.

அக்டோபர் 5ஆம் தேதி தண்ணீர் லாரி ஓட்டும் சாலக் என்பவர் ஹாசி லெக்தைம் வழியாகப் போவதாகச் சொன்னார். அவரிடம் நான் சொன்ன வார்த்தை இதுதான்.

“ஹமாதி மாமாகிட்ட சொல்லிடு. நாளை மறுநாள் நாங்க ஏழு பேர் வர்றோம், பெரிய டாக்டரம்மாவும் வர்றாங்க. யாரும் கிளம்பிப் போயிடாதீங்க, மந்தைய கிணத்துகிட்டயே நிப்பாட்டி வைங்கன்னு சொல்லு.”

சாலக், “அவ்ளோதானா அண்ணே?” என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

மற்றதை ஏன் சொல்லவில்லை என்று எழுதும் அதிகாரி கேட்டதற்குச் சொல்வது: எங்கள் பக்கத்தில் ஒரு கூடாரத்துக்காரனுக்கு, நாங்கள் வருகிறோம், எங்களுக்கு ஆடு அறுக்காதே என்று ஆள் விட்டுச் சொல்ல முடியாது. உன் வீட்டில் கை நனைக்கமாட்டோம் என்று சொன்ன மாதிரி. அப்படிச் சொன்னால் நாங்கள் போகும்போது கூடாரத்தில் பெண்களும் நாய்களும்தான் இருக்கும். நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வழக்கமாக விருந்தாளி வந்து முதல் கிளாஸ் டீ குடித்த பிறகுதான் ஆட்டைக் கண்ணில் காட்டிவிட்டு இழுத்துப் போவார்கள். அந்த நேரத்தில் கையைப் பிடித்துத் தடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஹமாதி கூடாரம் தாராளமான கூடாரம். அங்கே கறி கிடைக்கும் என்று அந்த நாளுக்கு நான் இறைச்சி வாங்கவில்லை. அரிசியும் பேரீச்சையும் மட்டும் ஏற்றினேன். அறுக்கக்கூடாது என்பது எனக்கு மறந்துபோகவில்லை.

அக்டோபர் 7ஆம் தேதி காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஐஸ் போடுகிற இடத்தில் மின்சாரம் இல்லை. ஐஸ் இல்லாமல் போனால் எடுத்த ரத்தம் வீண் என்று டாக்டர் நகர மறுத்தார். மீன் விற்பவர் ஒருவரிடமிருந்து ஐஸ் கிடைத்துப் பெட்டி நிரம்பியபோது மணி பத்தரை. ஹாசி லெக்தைம் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி தாண்டிவிட்டது. எங்களை எதிர்பார்த்திருந்த ஹமாதி, விருந்தாளிகள் பசியோடு வருவார்கள் என்று முன்பே ஆட்டை அறுக்கச் சொல்லிவிட்டார்.

வண்டியை விட்டு இறங்கியபோது உரித்த ஆடு முள்மரத்தில் தொங்கியது. யஹ்தி முழங்கைவரை ரத்தத்துடன் வந்து எங்களுக்கு சலாம் சொன்னார். கை கொடுக்கவில்லை, ரத்தக் கையைக் காட்டிச் சிரித்தார். ஆட்டுக்குடலை அஸ்ஸா தட்டில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஹமாதியிடம் அது எந்த ஆடு என்று கேட்டார்.

ஹமாதி, “நல்ல ஆடும்மா. கொழுத்த ஆடு. மூணு நாளைக்கு முன்னாடி குட்டி வீசிடுச்சு, மடியில குட்டி இல்ல, பால் யாருக்கும் போகல. அதான் உங்களுக்குன்னு எடுத்தோம்” என்றார்.

இதை நான் முன்பே யோசித்திருக்கவேண்டும். குட்டிக்குப் பால் கொடுக்கிற ஆட்டை யாரும் அறுக்கமாட்டார்கள். குட்டி வீசிய ஆடுதான் முதலில் கத்திக்கு வரும். எந்த ஆட்டைத் தொடவேண்டாம் என்றார்களோ அந்த ஆட்டைத்தான் விருந்தாளிக்கு வைப்பார்கள். ஆடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவன் நான்.

அதன் பிறகு டாக்டர் யாரையும் திட்டவில்லை. கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் தண்ணீரும் எடுத்து யஹ்தியின் இரண்டு கையையும் அவரே கழுவிவிட்டார். இடது கட்டைவிரலில் முள் கிழித்த காயம் இருந்தது. அதில் மருந்து ஊற்றினார். அஸ்ஸாவின் கையையும் கழுவினார். காயம் இல்லை. பட்டியல் எழுதுகிறவரிடம் இருவர் பெயரையும் எழுதச் சொன்னார்.

அஸ்ஸா, “ஏம்மா, நோயாளிய எழுத வந்தீங்களா, சமைச்சவள எழுத வந்தீங்களா?” என்று கேட்டார். கூடாரத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

யஹ்தி, “எழுதட்டும் விடு. அடுத்த தடவ அரசாங்கம் அரிசி குடுத்தா பட்டியல்ல முதல் பேரு நம்மளுது” என்றார்.

தியாலோ தொங்கிய ஆட்டின் கல்லீரலில் ஒரு துண்டும், மணலில் உறையாமல் இருந்த ரத்தமும் எடுத்துப் பெட்டியில் வைத்தார். நன்றாக வேகவைத்தால் கறி ஒன்றும் செய்யாது, ஆபத்து ரத்தத்தில்தான் என்று டாக்டர் எல்லாருக்கும் விளக்கினார். அதற்கென்று அச்சடித்த தாள் வண்டியில் இருந்தது. அதை நான்தான் சத்தமாக வாசித்துக் காட்டினேன். “விருந்தாளிக்காகவும் அறுக்கவேண்டாம்” என்ற வரி அதில் நான்காவது. வாசித்தபோது ஹமாதி என்னைப் பார்த்து, “இத நேத்தே சொல்லியிருக்கலாமே இஸல்மு?” என்றார். லாரிக்காரன் பாதியை மறந்துவிட்டான் என்று சொன்னேன். அது பொய். சாலக்மேல் எந்தத் தப்பும் இல்லை.

அதன் பிறகு சாப்பிட்டோம். கறி நன்றாக வெந்திருந்தது. நான் நிறையச் சாப்பிட்டேன்.

அன்று பதினாறு பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். யஹ்திக்குக் காய்ச்சல் வந்தால் உடனே தகவல் தரவேண்டும் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். 10ஆம் தேதி சுகாதார ஊழியர் ஒருவர் போய்ப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. 11ஆம் தேதி காய்ச்சல் தொடங்கியதாகப் பிறகு தெரிந்தது. 12ஆம் தேதி தலைநகர் பரிசோதனைக்கூடத்திலிருந்து டாக்டருக்கு ஃபோன் வந்தது. ஆட்டின் ரத்தத்தில் நோய் இருந்தது. அவர் என் கடைக்கு நடந்தே வந்து, “வண்டி எடுங்க” என்றார். வண்டியை நானே ஓட்டினேன்.

நாங்கள் போனபோது யஹ்தி கூடாரத்தின் நிழல் பக்கம் படுத்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. தலையணைத் துணியில் ஈறு ரத்தம். அஸ்ஸா அவர் உதட்டைத் துடைக்கப் போனபோது டாக்டர் கையுறை கொடுத்தார். அது அஸ்ஸாவுக்குப் பெரிதாக இருந்ததால் விரல் நுனிகள் மடிந்து தொங்கின. யஹ்தியை வண்டியின் பின்னால் மெத்தை போட்டு ஏற்றினோம். ரத்தக் குப்பிப் பெட்டியில் மிச்சமிருந்த ஐஸைத் துணியில் கட்டி அவர் நெற்றியில் வைத்தோம். வழியில் ஒருமுறை மட்டும் பேசினார். “அண்ணே, மெதுவா ஓட்டுங்க, வண்டி உங்களுதுதானே” என்றார். நகர மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்தார். 17ஆம் தேதி காலை பத்து மணிக்கு இறந்துபோனார். அஸ்ஸாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. மூன்று பெண் குழந்தைகள்.

அடக்கம் முடிந்த அன்று சாலக் வந்து ஹமாதியிடம், தன்னிடம் சொன்னது இவ்வளவுதான் என்று சத்தியம் செய்து சொன்னார். அதன் பிறகுதான் அஸ்ஸா புகார் கொடுத்தார். அவர் புகாரில் சொல்லியிருப்பது எல்லாம் சரி. மறுக்க எதுவும் இல்லை.

நேற்று 26ஆம் தேதி காலை ஹமாதியின் கூடாரத்தில் இரு பக்கத்துப் பெரியவர்களும் டாக்டர் தெக்பெரும் உட்கார்ந்து பேசினோம். ரத்த ஈடாக ஒட்டகம் தருவதற்குத் தயாராகப் போனேன். எவ்வளவில் தொடங்கி எவ்வளவில் நிற்பது என்றும் முடிவு செய்துதான் போனேன். நான் வாய் திறப்பதற்கு முன் அஸ்ஸா திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

“இன்னும் எத்தன கிணறு பாக்கி?”

“பத்தொன்பது” என்றேன். யஹ்தி படுத்ததிலிருந்து குழுவின் வேலை பெரும்பாலும் நின்றிருந்தது.

“அங்கெல்லாம் இந்த வண்டி போகும்ல? அங்கயும் ஆடு அறுப்பாங்கல்ல?”

“அறுப்பாங்கம்மா.”

“அப்ப நீ முன்னாடி போ. லாரிக்காரன அனுப்பாத. நீயே போய் கிணத்தடியில நின்னு சொல்லு. எம் புருஷன் பேரச் சொல்லு. நீ என்ன சொல்லாம விட்டன்னு சொல்லு.”

நான் பேரம் பேசினேன். யஹ்தி பெயரைச் சொல்கிறேன், நோயைப் பற்றிச் சொல்கிறேன், என் பெயர் எதற்கு, என் பெயர் கெட்டால் அந்தக் கிணறுகளில் எனக்கு வியாபாரம் இருக்காது என்றேன். ஒட்டகம் இன்னும் இரண்டு கூட்டித் தருவதாகவும் சொன்னேன்.

அஸ்ஸா, “பாதிச் சேதி சொல்லித்தானே இங்க வந்து உக்காந்திருக்க. இதையும் பாதி சொல்லப் போறியா?” என்றார்.

அதற்குமேல் நான் குறைத்துக் கேட்கவில்லை.

இவ்வளவும் நான் கேட்க எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. என் வாயிலிருந்து வந்ததைக் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) இஸல்மு வுல்த் பெய்யாத், அக்டோபர் 27.

இரு தரப்பும் கேட்டுக்கொண்டபடி, ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் கீழே சேர்க்கப்படுகின்றன.

பால் கறக்கும் ஒட்டகம் நான்கு, நாளைக்குள் அஸ்ஸாவின் கூடாரத்தில் கட்டப்படவேண்டும். அவை அவருக்கும் மூன்று பெண்களுக்கும் சொந்தம், ஹமாதிக்கு அதில் பங்கு இல்லை. குழு போகும் ஒவ்வொரு நாளும் அரிசி, இறைச்சி, டீ, சர்க்கரை, விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து, இஸல்மு செலவில் வண்டியில் போகவேண்டும். பாக்கியுள்ள பத்தொன்பது கிணறுகளுக்கும் குழு வருவதற்கு ஒரு நாள் முன்பு இஸல்மு தானே போகவேண்டும். ஆண்களும் பெண்களும் கூடியிருக்கும்போது, நின்றுகொண்டு, யஹ்தி வுல்த் ஹமாதி எப்படி இறந்தார் என்பதையும், யார் சொல்லாமல் விட்டதால் இறந்தார் என்பதையும் சொல்லவேண்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை அந்தக் கிணற்றில் டீ குடிக்கக்கூடாது.