விசிறி ஆட்டத்தில் தீர்ந்த வியாதி

ஷூச்சிங்: ...அப்போ விசிறிய நானே கொண்டுவரணுமா, இல்ல ஆஸ்பத்திரியில குடுப்பீங்களா டாக்டரம்மா?

டாக்டர் யீ: நீங்களே கொண்டுவாங்கம்மா. சிவப்பா இருக்கணும்னு பேராசிரியர் குவோ சொன்னார். கடைசி வரிசைக்கும் தெரியணும்ல.

தேமின்: சிவப்புதான் வெச்சிருக்கா. ஆத்தங்கரையில சாயங்காலம் அத்தனை பொம்பளைங்க ஆடறாங்க. எல்லாரும் இடது பக்கம் திரும்பினா என் பொண்டாட்டி மட்டும் வலது பக்கம் திரும்புவா.

ஷூச்சிங்: யோவ் கிழவா, வாயில பாக்கு இருக்குல்ல? அதை மெல்லு. பேசாத.

டாக்டர் யீ: ஐயா, இங்க பாக்கு மெல்லக் கூடாது.

தேமின்: மெல்லல டாக்டரம்மா. கன்னத்துல ஒதுக்கி வெச்சிருக்கேன்.

டாக்டர் யீ: இந்த சாங்ஷா ஊரு பூரா எங்கிட்ட இதைத்தான் சொல்லுது... சரி, விஷயத்துக்கு வருவோம். மாநாட்டுக்கு பெய்ஜிங்லேர்ந்தெல்லாம் பெரிய டாக்டருங்க வர்றாங்க. அவங்க முன்னாடி நீங்க ஆடணும். ஆடி முடிச்சதும் பேராசிரியர் உங்க கையப் பிடிச்சுக்கிட்டு சொல்வார்: ‘வசந்த விழா முடிஞ்ச கையோட இந்தம்மா ரத்தத்தைப் பார்த்தோம். சர்க்கரை தலைக்கு மேல. கணையத்தைத் தாக்கற ஆன்டிபாடி இருந்துச்சு, தைராய்டைத் தாக்கறதும் இருந்துச்சு. இப்போ நிலாப் பண்டிகைக்குப் பார்த்தா ஒண்ணுமே இல்ல. துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. காரணம் இந்த விசிறி.’

ஷூச்சிங்: அய்யோ... என் கையப் பிடிச்சுக்கிட்டா?

தேமின்: பிடிக்கட்டும். நான் பிடிச்சு என்னத்தைக் கண்டேன்.

ஷூச்சிங்: அந்த ஆன்டி... ஆன்டி... அது என்னதுன்னு மேடையில கேட்டா நான் என்னன்னு சொல்றது?

டாக்டர் யீ: நம்ம உடம்புக்குள்ள ஒரு காவல்படை இருக்கு. வெளியிலேர்ந்து வர்ற கிருமிய அடிக்கறதுக்கு. சில பேருக்கு அது புத்தி கெட்டுப்போய் சொந்த வீட்டையே அடிக்க ஆரம்பிச்சிரும். கணையத்தை அடிச்சா சர்க்கரை, தைராய்டை அடிச்சா கழுத்துல கோளாறு. ரெண்டையும் சேர்த்து அடிக்கறதும் உண்டு. அப்படி நம்ம சீனக்காரங்கள்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு பார்க்கறதுதான் எங்க ஆராய்ச்சி.

தேமின்: சொந்த வீட்டையே அடிக்கறதா? புரிஞ்சிருச்சு. முப்பது வருஷமா பார்க்கறேன்.

ஷூச்சிங்: உன்ன யாரு கூப்பிட்டா இங்க?

தேமின்: பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லன்னா புருஷன் வராம எப்படி?

டாக்டர் யீ: நல்ல புருஷன். ஐயாவையே கேக்கறேன். அம்மாவுக்கு இப்போ உடம்பு எப்படி இருக்கு?

தேமின்: ரொம்ப மோசம். நாக்கு வறளுது. இளைச்சுப் போச்சு.

டாக்டர் யீ: இளைச்சா?

தேமின்: ...மனசு இளைச்சுப் போச்சு.

ஷூச்சிங்: இல்லாம என்ன டாக்டரம்மா! நீங்க வீட்டுக்கு போன் பண்ணிப் பண்ணி, நான் சர்க்கரைக்காரின்னு எங்க மாடிப்படி பூரா தெரிஞ்சு போச்சு. எவ வந்தாலும் பாகக்காய் சாறு. போன மாசம் நிலாப் பண்டிகைக்கு வந்த கேக்கையெல்லாம் மூணாவது மாடிக்காரி வந்து, ‘உனக்குத்தான் ஆகாதே’ன்னு பெட்டியோட தூக்கிட்டுப் போயிட்டா. சிரிச்சுக்கிட்டே குடுத்தேன். தாமரை விதை வெச்ச கேக்கு!

டாக்டர் யீ: பாவம். அதனாலதான் விடிகாலையில ஆத்தங்கரைக்கு அந்தப் பக்கம் போய் வெல்லப்பாகு உருண்டை சாப்பிடறீங்களா?

ஷூச்சிங்: ...யாரு சொன்னா?

டாக்டர் யீ: நானும் அங்கதான் சாப்பிடறேன்மா. உங்களுக்குப் பின்னாடி ரெண்டு ஆள் தள்ளி நின்னேன். ஒரு தட்டு முடிச்சிட்டு இன்னொரு தட்டு கேட்டீங்க.

ஷூச்சிங்: அதான் வியாதி போயிருச்சுன்னு நீங்களே சொல்றீங்களே! விசிறியில!

டாக்டர் யீ: நான் சொல்லல. பேராசிரியர் சொல்றார். எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இந்த ஆன்டிபாடிங்க வந்த வீட்டை லேசுல காலி பண்ணாது. கூடும், குறையும். ரெண்டும் ஒண்ணா மூட்டை கட்டிக்கிட்டுப் போனதா நான் பார்த்ததில்ல. அதனால... கைய நீட்டுங்க. என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை எடுத்துருவோம்.

ஷூச்சிங்: அய்யய்யோ, இப்பவா? நான் காலையில மிளகாய் நூடுல்ஸ் சாப்பிட்டுட்டேனே.

டாக்டர் யீ: ஆன்டிபாடிக்கு வெறும் வயிறு வேண்டாம்.

ஷூச்சிங்: ஜோசியர் இன்னிக்கு ரத்தம் சிந்தக் கூடாதுன்னாரு.

தேமின்: எந்த ஜோசியர்?

ஷூச்சிங்: நீ சும்மா இரு!

டாக்டர் யீ: அம்மா, வசந்த விழா முடிஞ்சு இங்க வந்தப்போ கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது நீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா கீழ ரத்தம் எடுக்கற ஜன்னல்ல கைய நீட்டினது யாரு?

ஷூச்சிங்: என் ஆஸ்பத்திரி கார்டு. என் பேரு. அப்போ என் கைதானே?

டாக்டர் யீ: அந்த ஜன்னல்ல கார்டைத்தான் பார்ப்பாங்க, மூஞ்சியப் பார்க்க மாட்டாங்க. ஊருக்கே தெரிஞ்ச விஷயம். தாத்தா கார்டுல பேரனுக்கு இருமல் மருந்து, மாமியா கார்டுல மருமகளுக்குக் கண் சொட்டு... எதுக்கும்மா இழுக்கறீங்க? உங்க பேர்ல நான் எழுதிக் குடுத்த சர்க்கரை மாத்திரையை யாரு சாப்பிடறா?

ஷூச்சிங்: ...யோவ், வெளிய போய் பாக்கைத் துப்பிட்டு வா.

தேமின்: இப்பதான் வாயில போட்டேன்.

ஷூச்சிங்: போய்யா!

டாக்டர் யீ: ஐயா இருக்கட்டும். சொல்லுங்க.

ஷூச்சிங்: ...என் பொண்ணு. ருய்.

டாக்டர் யீ: ம்.

ஷூச்சிங்: வேற என்ன பண்ணச் சொல்றீங்க? அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கு. மாப்பிள்ளையோட அம்மா உக்காந்திருக்கறது எங்க தெரியுமா? உங்க ஆஸ்பத்திரியில! கீழ பதிவு கவுன்டர்ல! எவன் கார்டைத் தேய்ச்சாலும் அந்தம்மா கண்ணு முன்னாடிதான் வரும். இருபத்தேழு வயசுல சர்க்கரை, கூடவே தைராய்டுன்னா மறுநாளே நிச்சயத்துக்குக் குடுத்த பழக்கூடைய திருப்பிக் கேட்டிருவாங்க. எனக்குன்னா யாரு என்ன சொல்லப் போறா? கிழவிக்கு சர்க்கரை வர்றது பூசணிக்கொடியில பூ வர்ற மாதிரி. அதான் அவ முகமூடி போட்டுக்கிட்டு என் கார்டுல ரத்தம் குடுத்தா. இந்தத் தடவை அவளுக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்கல, நீங்க வேற விடாம கூப்பிட்டீங்க, நானே வந்து குடுத்துட்டேன். அவ்வளவுதான். இவருக்குத் தெரியாது. இப்பதான் தெரியும். பாருங்க, எப்படி முழிக்கறாருன்னு.

தேமின்: ...ம்.

டாக்டர் யீ: நான் அத்தனை தடவை போன் பண்ணி, ‘இது மாத்திரையில நிக்காது, இன்சுலின் ஊசிதான் போடணும்’னு கத்தினேனே. அப்போ என்ன சொன்னீங்க?

ஷூச்சிங்: எனக்கு ஊசின்னா பயம்னு சொன்னேன்.

டாக்டர் யீ: உங்களுக்கு ஊசி பயம், அதனால உங்க பொண்ணுக்கு மாத்திரை!

ஷூச்சிங்: கல்யாணம் முடியறவரைக்கும்தான்... ஒரு மாத்திரைக்குப் பதிலா ரெண்டா குடுத்தேன். அப்பாகிட்ட சொல்லிராதம்மான்னு அழுதா. சொல்லல.

டாக்டர் யீ: சரி. அடுத்த ஆளுக்கு வருவோம். ஐயா, உங்க உடம்பு எப்படி இருக்கு?

ஷூச்சிங்: இவருக்கென்ன? எருமை மாதிரி இருக்காரு.

டாக்டர் யீ: அப்படியா? இவருக்கும் சர்க்கரை இருக்கே. கணையத்தைத் தாக்கறது, தைராய்டைத் தாக்கறது, ரெண்டு ஆன்டிபாடியும் இருக்கு. மாலை நேர கிளினிக்ல இன்சுலின் எழுதிக் குடுத்திருக்காங்க.

ஷூச்சிங்: ...என்னது?

தேமின்: டாக்டரம்மா, அது வந்து...

ஷூச்சிங்: யோவ்... உனக்கா? உனக்கு சர்க்கரையா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! நான் ஒருத்தி... உன்ன கிழவா, எருமைன்னு... தினமும் சோத்தை மலையா கொட்டினேனேய்யா...

தேமின்: அழாத. ஏய்... அழாதங்கறேன்ல.

ஷூச்சிங்: எப்பலேர்ந்து? கண்ணு தெரியுதா? கால் மரத்துப் போகுதா? பாக்கைத் துப்பு மொதல்ல!

டாக்டர் யீ: இன்னொண்ணும் இருக்கும்மா. பேராசிரியருக்குப் புதுசா ஒரு யோசனை. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்திருக்கறதால, இது ஒரே மிளகாய் ஜாடியில கை விடறதால தொத்துதாம். உங்க சமையலறையிலேர்ந்து ஜாடியை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கார்.

ஷூச்சிங்: ஜாடி... ஃப்ரிட்ஜுல மிளகாய் ஜாடிக்குப் பின்னாடி ஒரு டப்பா இருந்துச்சே. பேனா மாதிரி ஒண்ணு. கேட்டதுக்கு மீன் தூண்டில் சாமான்னு சொன்ன.

தேமின்: ...தூண்டில் சாமானை யாராவது ஃப்ரிட்ஜுல வைப்பாங்களா? நீ நம்பினியே, அதைச் சொல்லணும்.

ஷூச்சிங்: அப்போ நீ உனக்கு ஊசி...

தேமின்: எனக்கு ஒண்ணும் இல்ல. நான் எருமைதான்.

ஷூச்சிங்: பின்ன யாரு ரத்தம் அது?

தேமின்: நீ உருண்டைக் கடைக்குப் போறது டாக்டரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சியா? சர்க்கரைக்காரி ரெண்டு தட்டு தின்னுட்டு மாடி ஏறி வந்து பாட்டுப் பாடறா. பொண்ணு தண்ணி தண்ணியா குடிச்சுக்கிட்டு குச்சி மாதிரி ஆயிட்டா. டாக்டரம்மா போன்ல ஊசி ஊசின்னு கத்தினது பக்கத்து ரூமுக்கே கேட்டுச்சு. நான் தறி மில்லுல வேலை பார்த்தவன்தான், ஆனா செவிடு இல்ல. அதான் அவளைக் கூட்டிட்டுப் போனேன்... என் கார்டுல.

ஷூச்சிங்: உன் கார்டுலயா! ஆம்பள கார்டுல பொம்பளப் பிள்ளை ரத்தமா!

தேமின்: தொப்பி போட்டுக்கிட்டா.

டாக்டர் யீ: தொப்பி போட்டா போதும் நம்ம ஜன்னலுக்கு.

தேமின்: ஊசி போடறது எப்படின்னு என் வயித்துலதான் சொல்லிக் குடுத்தாங்க. வெறும் ஊசி. வலிச்சது. அம்மாகிட்ட சொல்லிராதப்பான்னு அழுதா. சொல்லல.

ஷூச்சிங்: எங்கிட்ட அப்பான்னு அழுதா, உங்கிட்ட அம்மான்னு அழுதா... நல்லா வளர்த்திருக்கோம்.

டாக்டர் யீ: வளர்த்த லட்சணத்தைக் கேளுங்க. ஊசி அளவு எழுதினது எண்பது கிலோ ஆம்பளைக்கு. போட்டுக்கிட்டது நாப்பத்தஞ்சு கிலோ பொண்ணு. அதுக்கு மேல அம்மா கையால ரெட்டை மாத்திரை. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம.

ஷூச்சிங்: ...ரெண்டும் சேர்ந்தா?

டாக்டர் யீ: சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கும். முதல்ல வேர்க்கும், கை நடுங்கும். அப்புறம் ஆளு விழும். கவனிக்க ஆள் இல்லன்னா எந்திரிக்காது.

தேமின்: போன வாரம் கை நடுங்குதுன்னா... கல்யாணப் படபடப்புன்னு நினைச்சேன்.

டாக்டர் யீ: ருய் இப்போ எங்க?

ஷூச்சிங்: நேத்து சிநேகிதி வீட்டுல தங்கறேன்னு செய்தி அனுப்பினா... யோவ், போன் போடு. போடுய்யா! அங்க யாரு இருக்காங்களோ, தனியா...

டாக்டர் யீ: உக்காருங்கம்மா. போன் வேண்டாம். நேத்து சாயங்காலம் எங்கிட்ட உண்மையைச் சொல்லிரலாம்னு அவளே கிளம்பி வந்திருக்கா. கீழ வரிசையில நிக்கும்போதே விழுந்துட்டா. உடனே குளுக்கோஸ் ஏத்தினோம். இப்போ மேல ஆறாவது மாடியில உக்காந்து கஞ்சி குடிக்கறா. கஞ்சி ஆறிப்போச்சுன்னு நர்ஸை அதட்டறா. நல்லா இருக்கா.

தேமின்: ...இருக்காளா.

ஷூச்சிங்: நேத்துலேர்ந்து தெரிஞ்சும், விசிறி கொண்டுவா, சிவப்பா கொண்டுவான்னு எங்கள ஆட விட்டீங்க!

டாக்டர் யீ: அவளை இத்தனை நாளா ஆட விட்டது நீங்க ரெண்டு பேரும். நான் உங்கள அரை மணி நேரம் ஆட விட்டேன். போதாதுன்னு நினைக்கறேன்.

ஷூச்சிங்: ...அடிங்க. திட்டுங்க. எல்லாம் என்னாலதான்.

தேமின்: என்னாலயும்தான். அளவு கேக்கத் தோணல எனக்கு.

ஷூச்சிங்: கீழ வரிசைன்னீங்களே... கவுன்டர் முன்னாடியா? சம்பந்தியம்மா இருந்தாங்களா?

டாக்டர் யீ: கவுன்டரை விட்டு எகிறி வந்து தாங்கிப் பிடிச்சதே அவங்கதான். கைப்பையிலேர்ந்து மிட்டாய் எடுத்து வாயில வெச்சதும் அவங்கதான்.

ஷூச்சிங்: போச்சு... எல்லாம் போச்சு.

தேமின்: போகட்டும்டி. உசிரு இருக்குல்ல.

ஷூச்சிங்: ...ஆமா. போகட்டும். நானே கீழ போய் அந்தம்மா மூஞ்சியப் பார்த்துச் சொல்றேன். என் பொண்ணுக்கு சர்க்கரை, தைராய்டும் இருக்கு, இஷ்டமிருந்தா கட்டுங்க, இல்லன்னா பழக்கூடைய நானே திருப்பித் தர்றேன்னு. எனக்கு இனிமே எவ கார்டும் வேண்டாம். அவ பேர்லயே வைத்தியம் பாருங்க டாக்டரம்மா. நேத்தே அவ பேரை எழுதியிருப்பாங்கல்ல, அதுலயே மேல எழுதுங்க.

டாக்டர் யீ: அங்கதாம்மா சிக்கல். கண்ணு முழிச்சதும் ருய் எல்லாத்தையும் அவங்ககிட்டயே சொல்லிட்டா. அவங்களும் அவ கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ‘எங்க வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரிய வேண்டாம், கல்யாணம் முடியட்டும்’னு சொல்லிட்டுப் போய், கவுன்டர்ல தன்னோட சொந்தக் கார்டைத் தேய்ச்சுட்டாங்க. நேத்துலேர்ந்து சம்பந்தியம்மாவுக்கும் சர்க்கரை, தைராய்டு. என் ஆராய்ச்சியில இப்போ இந்த வியாதிக்கு மூணு பேர் இருக்கீங்க, மூணு பேரும் கல்லு மாதிரி இருக்கீங்க... வியாதிக்காரி பேரு மட்டும்தான் இன்னும் எங்கயும் இல்ல.