புகார் இல்லாத பிளாக்

அவைக்குத் தலைமை தாங்கும், நம் சங்கத்தின் தூணும் துணிவுமான சுந்தரேஷ் அவர்களே! அமைச்சகங்களில் ஆயுளைக் கரைத்த பெரியோர்களே! தில்லி ஆர்.கே.புரத்துக் குளிரிலும் அடுப்பணையாமல் எங்களைக் காக்கும் அன்னையர்களே! தேடித்தேடித் தமிழ் பேசும் தம்பி தங்கைகளே! இந்த ஜம்புவின் ஆயிரம் வணக்கங்கள்!

நான் எட்டாவதோடு பள்ளிக்கு விடைகொடுத்தவன். ஆனால் முப்பது ஆண்டுகளாக மத்திய அரசின் கோப்புகளை மாடிமாடியாகச் சுமந்தவன். என் தோள் படாமல் இந்த நாட்டில் ஒரு சட்டமும் நகர்ந்ததில்லை! கைதட்டலாம், தப்பில்லை.

இன்று எதற்குக் கூடினோம்? மூன்று ஆண்டுகளாக ஒரு திருட்டுப் புகார்கூட இல்லாத நம் பிளாக்குக்குச் சங்கம் கேடயம் தருகிறது. அதை வாங்கி நன்றி சொல்லவே என்னை மேடையேற்றினார்கள். வாங்கலாமா? வாங்கினால் நியாயமா?

கேட்கிறேன், பெரியோர்களே! மாடிப்படியோரம் மின்னிய பித்தளைக் குழாய்கள் எங்கே போயின? வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் குழாய் முளைத்தது எப்படி? பூங்கா விளக்கு எரிந்து எத்தனை மாதமாயிற்று?

சென்ற செவ்வாய், காலை ஏழு மணி. பால் வாங்கப் போன நம் தங்கை ஒருத்தியின் தாலிச் சங்கிலியை, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு பறந்தார்கள். பார்த்தேன், பதறினேன், பாய்ந்தேன்! மூன்று கிலோமீட்டர் துரத்தினேன்!

என்ன விசாலாக்ஷி? "மூணு கம்பம்தான்" என்கிறாயா? என் மனைவி, முன்வரிசையிலிருந்தே திருத்துகிறாள். சரியம்மா, மூன்று விளக்குக் கம்பம். மூன்றிலும் பல்பு இல்லை, அதையும் சேர்த்துச் சொல்!

"வா தாயி, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றேன். "வேண்டாம் அண்ணாச்சி. ஊரெல்லாம் பேசும். பிளாக்குக்கு வரப்போற கேடயமும் போயிரும்லா" என்று காயத்தை மஃப்ளருக்குள் மறைத்துக்கொண்டாள். அன்று முதல் தனியாகத் தெருவில் இறங்குவதில்லை. அவள் பெயரைச் சொல்லமாட்டேன். சொல்வதும் மறைப்பதும் அவள் உரிமை.

ரோந்து ஏன் வருவதில்லை என்று கேட்க நான் மட்டும் போனேன். காவலர் இந்தியில் சிரித்தார்: "அச்சா அங்கிள்ஜி! உங்க பிளாக்ல ஒரு புகாரும் இல்லையே. அதான் ரோந்தை மார்க்கெட் பக்கம் மாத்தியாச்சு."

கோப்பில் ஏறாதது நடக்கவே இல்லை. இது நமக்குத் தெரியாதா? காலமெல்லாம் காகிதத்தால் வாழ்ந்தோம். நம் கண்ணீருக்கு மட்டும் ஒரு காகிதம் எழுத மறந்தோமே!

முதல் குற்றவாளி நான்தான். என் ஸ்கூட்டரை நல்ல விலைக்கு விற்றதாக உங்களிடம் அளந்தேனே? விற்கவில்லை. திருடு போனது. ஜம்பு வாசலிலேயே திருட்டா என்று சிரிப்பீர்களே என்று வாயைப் பூட்டினேன். விசாலாக்ஷி, முறைக்காதே, வீட்டில் போய்ப் பேசுவோம்! அன்று நான் வாய்திறந்திருந்தால் ரோந்து நின்றிருக்குமா? அந்தக் கழுத்தில் காயம் விழுந்திருக்குமா?

தலைவர் அவர்களே, கேடயம் வேண்டாம். நாளை காலை பத்து மணிக்கு ஸ்கூட்டருக்குப் புகார் எழுதிக்கொடுக்கப் போகிறேன். குழாயைப் பறிகொடுத்தவர்கள் வாருங்கள்! சைக்கிளைப் பறிகொடுத்தவர்கள் வாருங்கள்! வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்! யார் வருகிறீர்கள்?

பின்வரிசையில் எழுந்து நிற்பது யார்? விஜயலக்ஷ்மியா? என்னம்மா, உரக்கச் சொல், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"செயின் என்னோடதுதான். நானும் வாரேன் அண்ணாச்சி."

பெரியோர்களே, என் சட்டைப்பையில் இன்னும் மூன்று பக்கம் இருக்கிறது. அது வேண்டாம். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. எழுந்து நிற்கும் என் தங்கைக்கு வணக்கம்.