கோடு விழாத பேர்

"எங்க லயத்தோட கணக்கைக் காட்டுங்க சார்."

இதை மட்டும் கேட்கவே கூடாதுன்னு வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லியிருந்தாங்க. கேட்டுட்டா. தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல, பொறந்த பொண்ணு பிரியந்தி. அவ குடும்பத்துல முதல்ல கெம்பஸ் போய்ப் படிச்சவ.

சாயங்காலம் அஞ்சரை. லிந்துலைக்கு மேல, மூடிக் கிடக்கிற தேயிலை ஃபெக்டரி; இப்ப மண்சரிவுக் கணக்குப் போடுற ஆபீஸ். ரோட்டுல ஈ காக்கா இல்ல... மூணு நாளா விடாத மழை.

உள்ளே பதினொரு கம்ப்யூட்டர். ஒண்ணு புதுசு, ஒண்ணு ஸ்கூல்ல கழிச்சுப் போட்டது. எதுக்கும் எதுக்கும் சம்பந்தமில்ல. எல்லாத்தையும் கோர்த்து, ஒரே கணக்கைத் துண்டு துண்டாக்கி, அதது பலத்துக்குத் தக்கன பிரிச்சுக் குடுத்து, விடையைச் சேர்த்து வாங்குற சொஃப்ட்வெயர். கணக்கு என்னன்னா... இந்த மழைக்கு எந்த லயத்து மேல மலை இறங்கும்.

மெஷின் ஒவ்வொண்ணுக்கும் பேர் வேணும். அலமாரியில கிடந்த, தோட்டத்து ஆளுங்க பேர் எழுதுற பழைய செக்ரோல் புத்தகத்துல முதல் பதினொரு பேரை எடுத்து வெச்சிருந்தா பிரியந்தி. செத்தவங்க பேர்ல சிவப்புக் கோடு விழும். இதுல ஒரு கோடும் இல்ல. வேலையை விட்டுப் போனவங்கன்னு நெனச்சுட்டா.

அவளோட மேலதிகாரி முத்துலிங்கம் சார் தலையைத் தூக்கல. "அது மேலிடத்துக்குப் போற ரிப்போர்ட். உனக்கெதுக்கு?"

"எங்கம்மா படுக்குறது அங்க சார். இருபது குடும்பம்."

"ரெண்டெழுத்துப் படிச்சதும் வாய் நீளுது."

அவளே உட்கார்ந்து கணக்கை ஓட்டினா. முதல்ல பெரட்டு, தோட்டத்துல காலையில வேலைக்கு ஆள் கூப்பிடுற மாதிரி. சொஃப்ட்வெயர் பேர் கூப்பிடும், இருக்கிற மெஷின் பதில் சொல்லும். மூக்கன்... அழகம்மா... சிவசாமி... பதினொண்ணு முடிஞ்சுது.

அப்புறம் இன்னொண்ணு. அம்மாக்கண்ணு.

அவ வெக்காத பேர். பாதிக் கணக்கு அந்தப் பேர்லதான் ஓடுது.

தன் மெஷினை விட்டுட்டு, மத்த பத்து வயரையும் புடுங்கினா. பத்தும் அணைஞ்சுது. அம்மாக்கண்ணு நிக்கல. அறை முழுக்கப் பச்சை மண் வாசம்... விடை வந்துச்சு. அவங்க லயம். இன்னைக்கு ராத்திரி.

"யாரு சார் அம்மாக்கண்ணு?"

அப்பத்தான் அவர் மேசையில இருந்த புத்தகத்தைப் பார்த்தாரு. முகம் வெளிறிப்போச்சு. "இதையா எடுத்தே... மண்சரிவுல போன லயத்துப் புத்தகம்மா இது, அம்மாக்கண்ணு இதுல பன்னெண்டாவது பேரு. ஒரே ராத்திரி. கோடு போடச் சொல்லக்கூட ஆள் மிஞ்சல."

"உங்க ரிப்போர்ட்லயும் இதே விடைதானே?"

அவர் மேலிடத்து ரிப்போர்ட்டை டிராயருக்குள்ள தள்ளினாரு.

பிரியந்தி டோர்ச்சை எடுத்தா.

"இப்ப போனா நாளைக்கு இங்க வராதே."

"நாளைக்குப் பெரட்டுல நிக்க எங்க ஆளுங்க இருக்கணும் சார்."

வெளியே மழை விட்டிருந்துச்சு. தகரக் கூரை மேல மட்டும்... குழியில போடுற மாதிரி, ஆளாளுக்கு ஒரு பிடியா, யாரோ மண்ணு அள்ளிப் போடுற சத்தம்.

அவ நிமிர்ந்து பார்க்கல. லயத்துப் பக்கமா இறங்கிட்டா.