சோதனை முடியாத விதை

விசாரணை அதிகாரி முன்னிலையில் நானாக முன்வந்து சொல்வது: என் பெயரும் விலாசமும் மேலே குறித்தபடி சரியானவை. வயது அறுபத்தொன்று. பிஸ்கட் தொழிற்சாலை நடத்திவந்தேன். இருபத்தாறு மாதம் வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்து, சென்ற வாரம் பதவி விலகினேன்.

சென்ற ஆண்டு விதைப்புக்கு முன் புதிய சோள விதை அரசுக் கிடங்குக்கு வந்தது. விதைப் பரிசோதனை அதிகாரியான பெண்மணி கோப்புடன் என் அறைக்கு வந்து, முளைப்புச் சோதனை முடிய இன்னும் ஒன்பது நாள் ஆகும் என்றார். என் தொழிற்சாலையில் ஒன்பது நாள் காத்திருந்தால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்றேன். அவர், "மாவு வேற, விதை வேற சார். இது உயிரு" என்றார். நான் சிரித்துவிட்டு விநியோக உத்தரவில் கையெழுத்திட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

அதன் பிறகு அந்த விதை, தாயில்லாத என்னை வளர்த்த என் அக்காவின் ஊருக்கும் போனது. மற்றவர்கள் தயங்கியபோது, தம்பி கொடுத்த விதை என்று சொல்லி அக்கா முதல் ஆளாகத் தன் நான்கு ஏக்கரிலும் விதைத்தார். அவரைப் பார்த்து ஊரே விதைத்தது. நூற்றுக்குப் பத்துகூட முளைக்கவில்லை.

அதன் பிறகு நான் அங்கே போனபோது, அக்கா வயலில் உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறி, உப்பிப்போன விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஊரார் நின்றார்கள். "சோதிச்சுப் பாத்துட்டுத்தானே குடுத்தே?" என்று அவர்கள் காதில் விழும்படி கேட்டார். "ஆமாக்கா" என்றேன். அதன் பிறகு அவர் வீடு வீடாகப் போய், குறை மழையில்தான், விதையில் இல்லை என்று சொல்லிவந்தார். சிலர் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியதாக அக்கா மகள் சொன்னாள்.

அதன் பிறகு துறை விசாரணையில், சோதனை முடிந்துவிட்டதாக அந்த விதைப் பரிசோதனை அதிகாரி என்னிடம் சொன்னார் என்று பொய்யாக எழுதிக்கொடுத்தேன். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

சென்ற மாதம் மருத்துவமனையில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அப்பவே தெரியும்டா. பொய் சொல்றப்ப நீ என் முகத்தப் பாக்க மாட்டே. ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிட்டேன். அந்தப் பொண்ணுக்கு யாருடா பதில் சொல்றது?" என்றார். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

அந்த அதிகாரி மீது தவறு ஏதும் இல்லை. எழுதியதை வாசிக்கக் கேட்டேன். அனைத்தும் உண்மை. ஒரு வரியையும் மாற்றச் சொல்லவில்லை.

(ஒப்பம்)