இருபத்தைந்துக்கு மேல்

எனக்குக் கோபமே வராது. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள், டீயில் சர்க்கரை போட மறந்தால்கூட மறுபேச்சில்லாமல் குடித்துவிடுவேன்.

நான் அம்மோனியா வாயுவைக் கண்டறியும் கருவி செய்கிறவன். விரல் நகமளவு தகடு, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நானோ இழைகள். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு அம்மோனியா கலந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். ஆறு வருட உழைப்பு. முதல் கருவியை, மீன் உறையவைக்கும் ஆலையின் இயந்திர அறையில் மாட்டினேன். அங்கே மேற்பார்வையாளர் என் சகலை, மனைவியின் அக்கா கணவர். அந்தப் பங்கு இருபத்தைந்தைத் தாண்டினால் சங்கு ஊதும், காற்றை வெளியேற்றும் விசிறி ஓடும்.

தரை துடைக்கும் திரவத்திலும் அம்மோனியா உண்டு. அதை ஊற்றித் துடைத்த மூன்று நாளும் கருவி அலறியது, மூன்று முறையும் ஆலையே வெயிலில் போய் நின்றது. கருவி சொன்னது உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோர் முன்னாலும் சகலை என் தோளில் கைபோட்டார். "சகலை, உங்க டப்பா சும்மா கத்தத்தான் லாயக்கு. எனக்கு இந்த மூக்கு போதும்" என்றார். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நான் அலாரம் சித்தப்பா. என் மகளும் சேர்ந்து சிரித்தாள்.

அன்று மாலை அடுப்பில் பால் தீய்ந்தது. வீடே மூக்கைப் பிடித்துக்கொண்டது. அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த சகலை மட்டும் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் அந்த அறையில் நின்றவருக்கு மோப்பமே போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அவர் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

மறுநாள் ஆலைக்குப் போய், இருபத்தைந்தை இரண்டாயிரம் ஆக்கினேன். கத்தக் கூடாது என்றுதானே எல்லோரும் கேட்டார்கள். இப்போதுதான் உருப்படியாக வேலை செய்கிறது என்று சகலை வாய்நிறையப் பாராட்டினார். கருவியில் எரியும் பச்சை விளக்கை நம்பி, முகமூடியை ஆணியில் மாட்டிவிட்டே உள்ளே போக ஆரம்பித்தார்.

அளவுகள் என் போனுக்கு வரும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நாற்பது காட்டியது, பிறகு அறுபது. ஏதோ ஒரு வால்வு கசிகிறது. அது அவர் உள்ளே இருக்கும் நேரம். பத்து நிமிடம் எண்பதைச் சுற்றியே நின்றது. பழகிப்போன கண்ணுக்கு அது உறைக்காது. பிறகு வால்வு பிய்த்துக்கொண்டது, ஒரே தாவலில் ஐயாயிரம். உடனே சங்கு ஊதியது. என் கருவி ஊதியது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்து நிமிடமும் போன் என் கையில்தான் இருந்தது. ஏன் கூப்பிடவில்லை என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். கூப்பிட்டிருந்தால் அவர் வெளியே வந்திருப்பார்.