ஐஸ் தொட்டியில் பெர்னார்

மார்கரீத்: ...மொதல்ல அந்தத் தொட்டியிலேந்து கால எடுங்க. வீடு பூரா மீன் வாடை.

பெர்னார்: ஐஸ்ல என்னா வாடை...

மார்கரீத்: பெரிய மார்க்கெட்ல தையல்நாயகி வஞ்சிரத்துக்குப் போட்டு வெச்ச ஐஸ். மல்லிப்பூவா மணக்கும்?

பெர்னார்: சும்மா இரு. பிராக்டீஸ் பண்றேன். பிரான்சுல டிசம்பர் குளுருல பன்னி வேட்டைன்னா வெளாட்டா?

மார்கரீத்: இங்க ஃபேனுக்கு அடியிலயே வேர்த்து ஊத்துது. நீங்க பூட்ஸோட ஐஸ்ல நிக்கிறீங்க. உள்ள எத்தன சாக்ஸ்?

பெர்னார்: மூணு. எல்லாம் காட்டன்.

மார்கரீத்: போன வருஷமும் இதே கூத்துதான். காட்டன் வேர்வைய உறிஞ்சி ஈரமாவே கெடக்கும். மூணு போட்டு இறுக்குனா ரத்தம் எப்படி ஓடும்? கம்பளி ஒண்ணு போதும். வெரல் ஆட எடம் வேணும்.

பெர்னார்: மெர்சி, ரொம்ப நன்றி. மேடம் எந்தக் காட்டுல வேட்டையாடுனீங்க?

மார்கரீத்: கேள்விப்பட்டதுதான்... வெரல் ஆடுதா?

பெர்னார்: ...ஆடுது.

மார்கரீத்: ஒதடு நடுங்குது, வெரல் ஆடுதாம்.

பெர்னார்: பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவன்டி நானு.

மார்கரீத்: சமையக்கட்டுல. அடுப்பு பக்கத்துல எவனுக்குக் கால் குளுரும்?

பெர்னார்: போன வருஷம் வேட்டையில, நிக்கச் சொன்ன மரத்தடியில துப்பாக்கியோட ஆடாம அசையாம நின்னேன். பன்னிதான் அந்தப் பக்கமே வரல.

மார்கரீத்: வரவே இல்ல...

பெர்னார்: இல்லன்றேன்ல.

மார்கரீத்: கால்ல தைலத்த அப்பிக்கிட்டுப் போனீங்களே. நாய்ங்க பன்னிய விட்டுட்டு உங்க பூட்ஸையே மோந்துக்கிட்டு நின்னுச்சாம்.

பெர்னார்: எவன் சொன்னான்?

மார்கரீத்: சம்பந்தி போன் பண்ணாரு.

பெர்னார்: நம்ம பொண்ணு வலேரியோட மாமனாரா? எங்கிட்ட ஏன் குடுக்கல? இந்த வருஷம் எங்க நிக்கணும்னு கேக்கணும். அந்தாளு கண்ணு முன்னாடி ஒரு பன்னிய அடிச்சாதான் மாப்ள வீட்ல எனக்கு மரியாத.

மார்கரீத்: ...கால தொடைங்க மொதல்ல.

பெர்னார்: என்னா சொன்னாரு, சொல்லு.

மார்கரீத்: உங்க மரத்தடி வழியாத்தான் பன்னி குட்டிங்களோட சாவகாசமா போச்சாம். நீங்க கார்ல ஹீட்டரைப் போட்டு, கால மேல தூக்கி வெச்சுக்கிட்டுக் கொறட்ட விட்டீங்களாம். இந்த வருஷம் நாய்ங்களோட காட்டுல நடக்க என்னைக் கூப்புட்டாரு... நீங்க வலேரி வீட்ல பேரனுக்குப் பால் ஆத்திக் குடுப்பீங்கன்னு நானும் சரின்னுட்டேன்.