சீட்டில் இரண்டு பள்ளம்

செவந்தி: இன்னும் தூக்கணுமா?

உடையப்பன்: மூக்க மட்டும் தூக்கு.

செவந்தி: ஒங்க மூக்கையா, சீட்டு மூக்கையா?

உடையப்பன்: வெளையாடாத புள்ள. நாளைக்கு எட்டு மணிக்குத் தாசில்தார் சைக்கிளோட வந்து நிப்பாரு.

செவந்தி: நிக்கட்டும். தூக்கியாச்சு, ஏறுங்க.

உடையப்பன்: பிடிச்சிருக்கியா?

செவந்தி: பிடிச்சிருக்கேன்.

உடையப்பன்: ரெண்டு கையாலயும்?

செவந்தி: மூணாவது கை மொளச்சா அதாலயும் பிடிக்கிறேன். ஏறுங்க.

உடையப்பன்: ம்... ஆ... குத்துது புள்ள, குத்துது! எறங்குறேன், விட்றாத...

செவந்தி: மூக்குல போயி உக்காந்தா குத்தாம என்ன செய்யும்? பின்னாடி இம்புட்டு அகலமா இருக்குல்ல.

உடையப்பன்: மூக்கு தூக்கலாப் போச்சு. எறக்கு.

செவந்தி: இப்பத்தான தூக்கச் சொன்னீங்க?

உடையப்பன்: இப்ப எறக்கச் சொல்றேன். இல்ல, ஸ்பானர இங்கிட்டுக் குடு. பொம்பளைக்கு அது பிடிபடாது.

செவந்தி: இந்தாங்க.

உடையப்பன்: ...ஒசரம் ஏத்துற நட்டுன்னா தெரியும். இத எங்கிட்டுத் திருப்பணும்?

செவந்தி: எடது பக்கம் திருப்புனா எளகும்.

உடையப்பன்: தெரியும். ...எளக மாட்டேங்குது.

செவந்தி: எதிர்ப்பக்கத்து நட்டக் கையால பிடிச்சுக்கிட்டுத் திருப்புங்க.

உடையப்பன்: ...நீயே திருப்பு.

செவந்தி: நகருங்க. ...ஆச்சு. ஏறுங்க.

உடையப்பன்: இது சறுக்குது. முன்னால தள்ளுது. கையெல்லாம் பாரம்...

செவந்தி: மூக்கத் தாழ்த்துனா அப்படித்தான். ஒடம்பு பூரா மணிக்கட்டுல வந்து எறங்கும். ஒரு மைலு தாங்காது.

உடையப்பன்: ஒனக்கு எப்படித் தெரியும்?

செவந்தி: ...ராக்கன் சொன்னான்.

உடையப்பன்: சைக்கிள் கடை ராக்கனா? அவன் ஒங்கிட்ட எப்பப் பேசுனான்?

செவந்தி: சந்தைக்குப் போனப்ப. சீட்டு மட்டமா இருக்கணுமாம். கொழம்புச் சட்டி கொண்டுபோனா சிந்தக் கூடாதாம்.

உடையப்பன்: கொழம்புச் சட்டிய யாரு சைக்கிள்ல கொண்டுபோறா?

செவந்தி: ஒரு பேச்சுக்கு.

உடையப்பன்: கொழம்புன்னதும் ஞாபகம் வருது. வயலுக்கு இப்பல்லாம் சோறு ஆறாம வருதுன்னு அப்பாவுக்கு ஒரே சந்தோசம். மருமக அம்புட்டு வெரசா நடக்குறாளாம்.

செவந்தி: ...மாமா அப்படியா சொன்னாரு? சரி, மட்டமா வச்சிருக்கேன். ஏறுங்க.

உடையப்பன்: நீ அங்கிட்டுப் பாரு.

செவந்தி: எதுக்கு?

உடையப்பன்: பாத்துக்கிட்டே நின்னா எனக்கு உக்கார வரல. யாரும் பாக்கக் கூடாதுன்னுதான இந்தக் காஞ்ச கண்மாய்க்குள்ள வந்திருக்கோம்?

செவந்தி: நாளைக்குத் தாசில்தாரையும் அங்கிட்டுப் பாக்கச் சொல்லுவீங்களா?

உடையப்பன்: போ, நான் ஏறல.

செவந்தி: சரி, சரி. மொகத்தத் தொங்கப் போடாதீங்க. நெசமாத்தான் கேக்குறேன். ஒடம்புக்கு முடியலன்னு நாளைக்கு லீவு போட்டா என்ன?

உடையப்பன்: போட்டா? என்னய நிரந்தரம் பண்ற காகிதம் அவரு மேசையில கெடக்கு. சைக்கிள் இருக்கு, சுத்துப்பட்டு எல்லா ஊருக்கும் போயி வருவேன்னு மனுவுலயே எழுதிக் குடுத்திருக்கேன்.

செவந்தி: அவருக்குத்தான் மோட்டார் இருக்கே?

உடையப்பன்: சீமையில சண்டை நடக்குதுல்ல, பெட்ரோலு ஏது? மோட்டாரச் செங்கல்லு மேல ஏத்தி வச்சாச்சு. ஆபீஸ்ல யாருக்குச் சைக்கிள் விடத் தெரியும்னு கேட்டாரு. அத்தன பேரும் எம் பக்கம் கையக் காட்டிட்டானுக.

செவந்தி: எது வரைக்கும் போகணும்?

உடையப்பன்: திருவரங்குளத்துலேருந்து ஆலங்குடி. போக ஏழு மைலு, வர ஏழு மைலு. நடுவழியில நான் விழுந்து கெடந்தா அந்தக் காகிதத்துல கையெழுத்தா போடுவாரு?

செவந்தி: அப்ப ஒழுங்கா உக்காருங்க. பின்னாடி.

உடையப்பன்: இங்கயா?

செவந்தி: அது ரொம்பப் பின்னாடி. அது கேரியரு.

உடையப்பன்: இங்க?

செவந்தி: எடது பக்கமாச் சாஞ்சிருக்கீங்க.

உடையப்பன்: இதுதான் வசதியா இருக்கு.

செவந்தி: வசதியா இருக்குற மனுசன் எதுக்குப் பல்லக் கடிக்கிறீங்க... ஏங்க... ஏங்க, பிடிங்க!

உடையப்பன்: ஐயோ!

செவந்தி: அடி பட்ருச்சா?

உடையப்பன்: இல்ல. ...மண்ணு மெத்துன்னுதான் இருக்கு. சீட்ட விட.

செவந்தி: எந்திரிங்க. சொல்றதக் கேளுங்க. சம்மணம் போட்டா ரெண்டு எலும்பு தரையில முட்டுதுல்ல, அது ரெண்டும் சீட்டுல இருக்குற ரெண்டு பள்ளத்துக்குள்ள எறங்கணும். எறங்கிட்டா அப்புறம் சீட்டு இருக்குறதே தெரியாது. காத்து மட்டும்தான் தெரியும்.

உடையப்பன்: காத்தா?

செவந்தி: ...ராக்கன் சொன்னான்.

உடையப்பன்: ராக்கன் நெறயத்தான் சொல்லியிருக்கான். அவனப் போயிக் கேக்குறேன்.

செவந்தி: அவன விடுங்க. முன்னால உக்கார்றீங்க, பின்னால உக்கார்றீங்க, ஒருச்சாஞ்சு உக்கார்றீங்க. அந்தப் பள்ளத்துல மட்டும் படாம உக்கார்றீங்க. ஏன்?

உடையப்பன்: படாமல்லாம் இல்ல.

செவந்தி: நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்?

உடையப்பன்: அங்கிட்டுப் பாக்கச் சொன்னேன்ல?

செவந்தி: பாக்கல. இங்கிட்டுத்தான் பாத்தேன். சொல்லுங்க.

உடையப்பன்: ...சிரிக்கக் கூடாது.

செவந்தி: மாட்டேன்.

உடையப்பன்: யாருகிட்டயும் சொல்லக் கூடாது.

செவந்தி: மாட்டேன்.

உடையப்பன்: அந்தப் பள்ளம் என்னுது இல்ல.

செவந்தி: பின்ன?

உடையப்பன்: ராக்கன் கடை வாடகைச் சைக்கிள்ல நான் நல்லாத்தான் விட்டேன். துணி சுத்துன பழைய சீட்டு அது. கல்யாணத்துக்கு ஒங்க அப்பா இத வாங்கிக் குடுத்தாரு. சீமைத் தோலு. பலகை கணக்கா இருந்துச்சு. மூணு நாளு போனேன். நாலாம் நாளு ஆபீஸ் நாக்காலியில உக்கார முடியல. நின்னுக்கிட்டே எழுதுனேன்.

செவந்தி: பதினஞ்சு நாளு பொறுத்தா பழகிரும்ங்க. கீழ்ப்பக்கமா வெளக்கெண்ணெ தடவுனா இன்னும் சீக்கிரம்.

உடையப்பன்: எங்கிட்ட ஒரு மாசம்னுல்ல சொன்னான் ராக்கன்?

செவந்தி: ஒடம்பப் பொறுத்தது... அப்புறம்?

உடையப்பன்: அப்புறம்... அய்யனார் கோயில்ல, மண்குதிரைகளுக்கு நடுவுல நிறுத்திட்டு ஆபீசுக்கு நடந்தே போனேன். சாயந்தரம் வந்து எடுத்துக்குவேன். தெருவுக்குள்ள வரையில ஒரு பெடல்ல கால வச்சுக்கிட்டு...

செவந்தி: ஏறப் போற மாதிரியே தள்ளிக்கிட்டு வருவீங்க.

உடையப்பன்: ஒனக்குத் தெரியுமா!

செவந்தி: சைக்கிள்ல வர்ற மனுசன் மொழங்கால் வரைக்கும் புழுதியோடவா வருவாரு? நீங்க ஏறி உக்காந்து தெருவுல ஒருத்தரும் பாத்ததில்ல. ஏறப் போறதத்தான் பாத்திருக்காங்க.

உடையப்பன்: ஏன் கேக்கல நீ?

செவந்தி: நீங்க ஏன் சொல்லல?

உடையப்பன்: ...ஆபீஸ்ல கேப்பானுக, சைக்கிள் எங்கன்னு. வெயில்ல நின்னா தோலு வெடிச்சிரும், நெழல்ல விட்டுட்டு வந்திருக்கேன்னு சொல்லுவேன்.

செவந்தி: பொய்யில்லையே.

உடையப்பன்: கேளு. அய்யனார் எல்லையில வச்ச பொருள ஒரு பய தொட மாட்டான். அந்தத் தைரியத்துலதான் விட்டுட்டுப் போனேன். ஒரு மாசம் கழிச்சுப் பாக்குறேன், சீட்டு ரெண்டு விரக்கடை எறங்கியிருக்கு.

செவந்தி: நட்டு லூசா இருந்திருக்கும்.

உடையப்பன்: ஏத்தி முறுக்கி வச்சேன். மறுநா எறங்கியிருக்கு. நான் ஏத்துறேன், அது எறங்குது. நான் ஏத்துறேன், அது எறங்குது. அன்னையிலேருந்து இதே வேலை.

செவந்தி: தெனம் ஏத்துறது நீங்கதானா?

உடையப்பன்: பின்ன யாரு?

செவந்தி: இல்ல... உக்காராத சீட்ட எதுக்கு ஏத்துறீங்க?

உடையப்பன்: ஒசரமா இருந்தாத்தான் தள்ளிக்கிட்டு வரையில பாக்க நல்லா இருக்கு. அத விடு. தோலு இப்ப மெத்துன்னு ஆயிருச்சு. ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருச்சு. நான் உக்காரல. அப்ப உக்காந்தது யாரு?

செவந்தி: ...யாரு?

உடையப்பன்: ஆட்டுக்கார மூக்கன் சொன்னான். கண்மாய் காஞ்சதுலேருந்து உச்சிவெயில்ல மணிச் சத்தம் கேக்குதாம். ஒரு நா கருவேல மரத்துக்கு அங்கிட்டு, சேப்பா ஒண்ணு காத்துல பறந்து போச்சாம். சாமி கட்டுன பட்டாம்.

செவந்தி: பட்டுன்னா சொன்னான்?

உடையப்பன்: தகதகன்னு இருந்துச்சாம்.

செவந்தி: பரவால்ல மூக்கன்.

உடையப்பன்: என்ன?

செவந்தி: ஒண்ணுமில்ல. சாமிக்கு எதுக்குங்க மணி?

உடையப்பன்: அதத்தான் நானும் கேட்டேன்.

செவந்தி: ஆடு குறுக்க வந்திருக்கும்.

உடையப்பன்: வெளையாடாதங்கிறேன்ல?

செவந்தி: அத்தன குதிரை இருக்கு அய்யனாருக்கு. ஒங்க சைக்கிளுக்கா வரப் போறாரு?

உடையப்பன்: போயிப் பாத்தேன். பெரிய குதிரைக்கு முன்னங்காலு ஒடஞ்சிருக்கு.

செவந்தி: ...

உடையப்பன்: சிரிக்க மாட்டேன்னு சொன்ன.

செவந்தி: சிரிக்கல. இருமுறேன்.

உடையப்பன்: சாமி உக்காந்த பள்ளத்துல நான் எப்படி உக்கார்றது? அதான் முன்னாலயும் பின்னாலயும் எடந்தேடுறேன். ...அது என்ன, சேலை ஓரத்துல கறுப்பா?

செவந்தி: வண்டி மை.

உடையப்பன்: நம்ம வீட்டுல வண்டியே இல்லையே?

செவந்தி: எங்க அப்பா வீட்டுல இருக்குல்ல.

உடையப்பன்: பொங்கலுக்குப் போனது. இன்னுமா போகல?

செவந்தி: வெளுக்க வெளுக்க வருது.

உடையப்பன்: சரி. நான் ஒரு முடிவு பண்ணிட்டேன் செவந்தி.

செவந்தி: என்ன?

உடையப்பன்: இத அய்யனாருக்கே விட்டுர்றேன்.

செவந்தி: எத?

உடையப்பன்: சைக்கிள. மஞ்சத் துணி கட்டி, சந்தனம் வச்சு, இப்பவே கொண்டுபோயி நிறுத்திர்றேன். காலையில தாசில்தாருகிட்ட, சாமிக்கு விட்டாச்சுங்க, இனிமே நான் தொடக் கூடாதுங்கன்னு சொல்லிர்றேன். அவரு என்ன, சாமியவா கூப்பிட்டு விசாரிப்பாரு?

செவந்தி: காகிதம்?

உடையப்பன்: பக்திமான்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டாலும் போடுவாரு.

செவந்தி: போடாட்டி?

உடையப்பன்: அப்பாவோட வயல்ல நிக்க வேண்டியதுதான். எனக்கும் சோறு சூடாக் கொண்டுவா.

செவந்தி: எங்க அப்பா குடுத்த சைக்கிள் இது.

உடையப்பன்: சாமி கேட்டுச்சுன்னு அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன்.

செவந்தி: சாமி எங்க கேட்டுச்சு?

உடையப்பன்: தெனம் ஏறிப் போகுது. இதுக்கு மேல எப்படிக் கேக்கும்?

செவந்தி: ...விட்டுட்டா, அப்புறம் யாருமே தொடக் கூடாதா?

உடையப்பன்: யாரு தொடப் போறா?

செவந்தி: பூசாரி... கீசாரி?

உடையப்பன்: பூசாரியும்தான். சங்கிலி போட்டு, பெரிய குதிரையோட நல்ல காலுல கட்டிரலாம்.

செவந்தி: சங்கிலியா?

உடையப்பன்: பூட்டும்தான். சாவிய அய்யனாரு அரிவாளுக்குக் கீழ வச்சிரலாம்.

செவந்தி: ஏறுங்க.

உடையப்பன்: எங்க?

செவந்தி: சைக்கிள்ல. பள்ளத்துல உக்காருங்க.

உடையப்பன்: எத்தன தடவ சொல்றது...

செவந்தி: நான் சொல்றேன், உக்காருங்க. ஒண்ணும் ஆகாது.

உடையப்பன்: நீ சொன்னா ஆச்சா? அதுல உக்காந்தவுக வாயால உக்காருன்னு ஒரு வார்த்த வரட்டும். நான் ஏன் மாட்டேங்கப் போறேன்?

செவந்தி: அந்த வாயாலதான் இம்புட்டு நேரமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். நாளைக்கு ஒரு நாளு ஆலங்குடி போயி, கையெழுத்த வாங்கிட்டு வாங்க. நாளன்னைக்கு வழக்கம்போலக் குதிரைக்கிட்ட விட்டுட்டு நடந்து போங்க... சீட்ட மட்டும் ஏத்தி வைக்காதீங்க. எனக்குக் கால் எட்ட மாட்டேங்குது.